பச்சை ஸ்டூலும் ஒரு எல்.சி.யும்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. சீனாவிலிருந்து குழாய்கள் வரத் தொடங்கின.
2. எங்கள் வங்கி தாம்பரம் கிளையில் வெளிநாட்டு வணிகத்துக்கென்று ஒரு மேசை போட்டு, அதில் என்னை உட்கார வைத்தது.
3. ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு வெளிநாட்டு வங்கி திறந்தது.
4. அவர்களைப் பார்த்து நாங்கள் கண்ணாடித் தடுப்பு போட்டோம். எங்களைப் பார்த்து அவர்கள் ஸ்டூல் வாங்கினார்கள்.
5. குழாய்க் கடை பாய் எங்கள் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டார்.
6. ஏ.சி. ஒழுகியது.

ஆறாவது நடக்காமல் போயிருந்தால் நான் இப்போது மும்பையில் இருந்திருப்பேன்.

இறக்குமதிக்கு இருந்த கட்டுப்பாடுகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்த வருடங்கள் அவை. அதற்கு முன்பு தாம்பரத்தில் கடை வைத்திருப்பவர் வெளிநாட்டுச் சரக்கு வேண்டுமென்றால் பாரிமுனையில் இருக்கும் மொத்த வியாபாரியிடம் போவார். அந்த வியாபாரிக்கு வங்கி, கப்பல், துறைமுகம் எல்லாம் தெரியும். தாம்பரத்துக்காரருக்கு அந்த வியாபாரியை மட்டும் தெரியும். கட்டுப்பாடுகள் போனதும் தாம்பரத்துக்காரர்கள் தாங்களே நேராக வாங்கினால் என்ன என்று யோசித்தார்கள். பள்ளிக்கரணையிலும் சேலையூரிலும் அடுக்குமாடிகள் எழும்பிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு வீட்டுக்கும் பளபளக்கும் குழாய்கள் தேவைப்பட்டன.

எங்கள் வங்கி தென் மாவட்டத்தில் பிறந்த பழைய தனியார் வங்கி. தலைமை அலுவலகம் ஒரு முடிவெடுத்தது: வெளிநாட்டு வணிக வேலையைப் பாரிமுனைக் கிளையோடு நிறுத்தாமல் புறநகருக்கும் கொண்டுபோவது. தாம்பரத்தில் ஒரு நிதியாண்டு சோதனை. அதற்குள் ஒரு நல்ல இறக்குமதி வாடிக்கையாளராவது எல்.சி., அதாவது லெட்டர் ஆஃப் கிரெடிட், திறக்க வேண்டும். இல்லையென்றால் மேசை மூடப்படும். மேசையில் இருப்பவர் மும்பையில் உள்ள மையச் செய்திப் பிரிவுக்குப் போக வேண்டும்.

மேசையில் இருந்தவர் நான். எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள். வங்கிகள் தங்களுக்குள் செய்தி அனுப்பிக்கொள்ளும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளத்தான் என்னை எடுத்தார்கள். மும்பை மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. ஆனால் அங்கே போனால் நாள் முழுக்க மற்றவர்கள் அனுப்பும் செய்திகளில் குறியீடு சரியா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தாம்பரத்தில் நான் அனுப்பும் செய்தியின் மறுமுனையில் ஒரு குழாய் இருக்கும். அது என்றாவது மார்க்கெட் தெருக் கடையில் வந்து தொங்கும். அதை நான் திருகிப் பார்க்கலாம். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

எல்.சி. என்றால் என்ன என்று வீட்டில் கேட்டபோது நான் சொன்னது இதுதான்: அங்கே இருப்பவர் பணம் வராமல் சரக்கை அனுப்ப மாட்டார், இங்கே இருப்பவர் சரக்கு வராமல் பணம் அனுப்ப மாட்டார். நடுவில் வங்கி நின்று, "சரக்கைக் கப்பலில் ஏற்றியதற்கான காகிதங்களைக் கொடு, பணத்துக்கு நான் பொறுப்பு" என்று எழுதிக் கொடுக்கும். அவ்வளவுதான். மீதியெல்லாம் அந்தக் காகிதங்களைப் பற்றிய சண்டை.

நாங்கள் எல்லோரும் நம்பியிருந்த வாடிக்கையாளர் குழாய்க் கடை பாய். மார்க்கெட் தெருவில் அவருக்குக் குளியலறைச் சாமான் கடை. அவர் அப்பா காலத்திலிருந்து எங்களிடம் கணக்கு. நிதானமான மனிதர், வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் எப்போதும் ஒரு குழாயின் வாஷர். சீனாவில் ஒரு தொழிற்சாலையோடு பேசி, மாதிரிகள் வரவழைத்து, விலையும் முடித்துவிட்டார் என்று தெருவே பேசிக்கொண்டது. எல்.சி. மட்டும்தான் பாக்கி.

இனி ஸ்டூலைப் பற்றி. எங்கள் கிளையில் கவுண்டருக்கு உள்பக்கம், அதிகாரியின் மேசைக்கு அருகே, ஒரு பச்சை இரும்பு ஸ்டூல் இருந்தது. பழகிய வாடிக்கையாளர்கள் கவுண்டரின் சின்னக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து அதில் உட்காருவார்கள். விதிப்படி தப்பு. ஆனால் கிளை திறந்த நாள் முதல் அப்படித்தான். உட்கார்ந்தவர் முதலில் தன் வேலையைச் சொல்ல மாட்டார். வெயிலைப் பற்றிச் சொல்வார், சுரங்கப்பாதையில் தேங்கிய தண்ணீரைப் பற்றிச் சொல்வார், பக்கத்தில் யார் எதற்கு வந்திருக்கிறார்கள் என்று காது கொடுப்பார். எழுந்திருக்கும்போது, "அப்புறம் மேடம், இன்னொரு விஷயம்" என்பார். அந்த இன்னொரு விஷயத்துக்காகத்தான் வந்திருப்பார்.

எதிரில் வெளிநாட்டு வங்கி திறந்த அன்று எங்கள் மேலாளர் ஜன்னலருகே நின்று ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு எங்கள் அட்டெண்டர் அண்ணாவைக் கூப்பிட்டார்.

"நீ போய் ஒரு அக்கவுண்ட் ஓபன் பண்ணு."

"எங்க சார்?"

"எதிர்ல. உள்ள என்னென்ன வச்சிருக்காங்கன்னு பாத்துட்டு வா."

அட்டெண்டர் அண்ணா தாம்பரத்திலேயே பிறந்தவர். அவர்கள் குடும்ப வயலில்தான் இப்போது ஒரு கல்யாண மண்டபம் நிற்கிறது. அவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போய்விட்டு, மதிய சாப்பாட்டுக்குத் திரும்பினார்.

"சார், உள்ள போனா ஊட்டி மாதிரி கீது சார். கண்ணாடி, கண்ணாடி, எங்க பாத்தாலும் கண்ணாடி. டோக்கன் குடுக்கற மெஷின் கீது. காபி மெஷின் கீது. பட்டன அமுக்குனா காபி வருது. நான் மூணு குடிச்சேன்."

"ஸ்டாஃப்?"

"சின்னச் சின்னப் பசங்க சார். கழுத்துல டை. 'ஹவ் மே ஐ ஹெல்ப் யூ'ன்றான். நான் இன்னா சொல்றது? காபின்னேன்."

மேலாளர் இதையெல்லாம் தலைமை அலுவலகத்திடம் சொன்னார். அவர்களும் இதே கவலையில்தான் இருந்தார்களாம்; உடனே அனுமதி கிடைத்தது. கண்ணாடித் தடுப்பு வந்தது. வாடிக்கையாளர் பேசுவதற்கு அதில் வட்டமாக ஓட்டை. டோக்கன் இயந்திரம் வந்தது. காபி இயந்திரம் வந்தது. அதற்குள் பால் பவுடர் போட யாருக்கும் தெரியாததால் முதல் வாரம் வெந்நீர் மட்டும் கொடுத்தது. என் மேசைக்கு நேர் மேலே புதிய ஏ.சி. வந்தது. எங்களுக்கு டை வந்தது. பெண்களுக்கு மட்டும் விதிவிலக்கு. கவுண்டரின் சின்னக் கதவு போயிற்று. பச்சை ஸ்டூல், காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் கேனைத் தாங்கிக்கொண்டு நின்றது.

"இன்டர்நேஷனல் லுக் வந்துடுச்சு இல்ல?" என்றார் மேலாளர்.

"வந்துடுச்சு சார்" என்றேன். பொய்யில்லை. விமான நிலையத்தில் பாஸ்போர்ட் பார்க்கும் இடம் மாதிரி இருந்தது.

பாய் வந்தார். டோக்கன் எடுக்கச் சொன்னோம். எடுத்தார். எண் வந்ததும் கண்ணாடி ஓட்டைக்கு நேரே குனிந்தார்.

"எப்படி இருக்கீங்க பாய்?" என்றேன்.

"என்னம்மா?"

"எல்.சி. எப்ப ஓபன் பண்ணலாம்?"

"ஏ.சி.யா? நல்லாத்தாம்மா இருக்கு."

நான் இன்னும் சத்தமாகக் கேட்டேன். ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பாயும் சுற்றிலும் பார்த்தார். "பாக்கலாம்மா, இன்ஷா அல்லாஹ்" என்று சொல்லிவிட்டு, டோக்கனைக் கவனமாக மடித்து வாஷர் இருந்த பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு கடைப் பையனிடம் செலான் கொடுத்தனுப்புவதோடு சரி. மேலாளர் தானே ஒரு தடவை கடைக்குப் போய்க் கேட்டார். அப்போதும் "பாக்கலாம் சார்"தான். பாய் எதிர் வங்கிக்குள் நுழைவதைப் பார்த்ததாக அட்டெண்டர் அண்ணா சொன்னதும் மேலாளர் காபி இயந்திரத்தை இன்னும் பெரியதாக மாற்றலாமா என்று கேட்க ஆரம்பித்தார்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு விஷயம் தெரிந்தது. எங்கள் கிளையில் அடிக்கடி வந்து டி.டி. எடுத்த ஒரு பையன், எதிர் வங்கியின் ஆள். டையைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு வருவானாம். அட்டெண்டர் அண்ணாவும் அவனும் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் ஒருவரையொருவர் அடையாளம் கண்டு, ஒரே தட்டில் வடை சாப்பிட்டிருக்கிறார்கள்.

"அவன் இன்னா சொல்றான் தெரியுமா மேடம்? அவங்க ஆபீஸ்ல இருந்து வந்து பாத்தாங்களாம். 'எதிர்ல பழைய பேங்க்ல கஸ்டமர் உள்ள வந்து ஸ்டூல்ல குந்திகினு பேசறாரு, நமக்கும் அதான் வேணும்'னாங்களாம். ஸ்டூல் வாங்கிட்டாங்க மேடம். குஷன் வச்சது. தனி ரூம்ல போட்டு கீறாங்க."

"நம்மகிட்ட ஸ்டூல் எடுத்தாச்சுன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன். அவன் சிரிச்சிகினே வடைக்குக் காசு குடுத்துட்டான். ஆனா மேடம், அந்த அக்கவுண்ட் ஓபன் பண்ணதுலேர்ந்து பேஜாரா பூட்ச்சு. தினம் போன் பண்ணி கிரெடிட் கார்டு வாங்குன்றான். நான் அட்டெண்டர்னு சொன்னா, 'பரவால்ல சார்'ன்றான்."

ஆக, உலகச் சந்தை திறந்ததன் விளைவாக ஜி.எஸ்.டி. ரோட்டின் இரண்டு பக்கமும் நடந்தது இதுதான். அவர்கள் எங்களாக முயன்றுகொண்டிருந்தார்கள். நாங்கள் அவர்களாகிவிட்டிருந்தோம். நடுவில் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. பாயின் எல்.சி. இரண்டு பக்கமும் இல்லை.

நிதியாண்டு முடியும் நேரம் நெருங்கியது. மும்பையிலிருந்து ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டு, விடுதி வேண்டுமா அல்லது உறவினர் வீட்டில் தங்குவேனா என்று அன்போடு விசாரித்தார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

அப்போது ஏ.சி. ஒழுக ஆரம்பித்தது. முதலில் சுவரில் கோடு, அப்புறம் சொட்டு. நேராகச் செய்தி இயந்திரத்தின் மேல். நான் பிளாஸ்டிக் உறையைப் போட்டுவிட்டு மேலாளரிடம் போனேன்.

"சார், இது நனைஞ்சா மும்பைக்குப் பதில் சொல்லணும்."

மும்பை என்ற சொல்லுக்கு அவரிடமும் மரியாதை இருந்தது. "மெக்கானிக் வர்ற வரைக்கும் வேற எங்க போடலாம்?"

"கண்ணாடிக்கு உள்ள வேற பிளக் பாயிண்ட்ல எர்த் சரியில்ல சார். ஹால்ல லாக்கர் பெஞ்சுக்குப் பக்கத்துல நல்ல பாயிண்ட் இருக்கு. லைனும் அங்கயே வரும்." இது உண்மை. நானே மீட்டர் வைத்துப் பார்த்திருந்தேன்.

"ஹால்லயா? கஸ்டமர் நடுவுலயா?"

"டெம்பரரிதான் சார்."

மேசை ஹாலுக்கு வந்தது. தண்ணீர் கேனைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு ஸ்டூலையும் எடுத்துக்கொண்டேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கோடைக்காலம், எல்லா மெக்கானிக்குகளும் "நாளைக்கு வரேன்" என்ற மாதங்கள். நான் ஏ.சி.யை ஒழுக வைக்கவில்லை. மெக்கானிக்கை அவசரப்படுத்தவும் இல்லை.

மேசை வெளியே வந்த செய்தி தெருவுக்கு எப்படிப் போனதோ தெரியாது. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து பாய் வந்தார். டோக்கன் இயந்திரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஸ்டூலைப் பார்த்தார். வந்து உட்கார்ந்தார்.

"தடுப்பு எடுத்துட்டீங்களா?"

"தடுப்பு அங்கதான் இருக்கு பாய். நாங்க வெளிய வந்துட்டோம்."

சிரித்தார். வெயிலைப் பற்றிச் சொன்னார். வண்டலூர்ப் பக்கம் ஒரு பில்டர் எல்லாக் குளியலறைக்கும் ஒரே மாதிரி ஷவர் கேட்பதைச் சொன்னார். லாக்கருக்காகக் காத்திருந்த ஒருவரின் மகள் கல்யாணத்தை விசாரித்தார். பிறகு எழுந்தார்.

"அப்புறம்மா, இன்னொரு விஷயம்."

நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

மறுபடி உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தினார். "தப்பா எடுத்துக்கக் கூடாது. அந்த சீனாக்காரன் இருக்கான் இல்ல, உங்க பேங்க் எல்.சி. வேணாம்ன்றான். 'இந்தப் பேரே கேட்டதில்ல, எங்க ஊர்ல தெரிஞ்ச பேங்க்ல வாங்கிட்டு வா'ன்றான். இத நான் உங்க சார்கிட்ட எப்படிச் சொல்றது? எங்க அத்தா காலத்துலேர்ந்து இங்க இருக்கோம். அந்த ஓட்டை வழியா, 'உங்கள அங்க ஒருத்தனுக்கும் தெரியாது'ன்னு கத்தறதா?"

"அதான் எதிர் பேங்குக்குப் போனீங்களா?"

"போனேன். மெத்தை வச்ச ஸ்டூல். டீ குடுத்தாங்க. இன்ஷூரன்ஸ் வேணுமா, கார்டு வேணுமா, வீட்டு லோன் வேணுமான்னாங்க. எல்.சி.ன்னு சொன்னதும் அந்தத் தம்பி முழிச்சுது. அது சிட்டி ஆபீஸ்லதானாம், பெரிய கம்பெனிகளுக்குத்தானாம். என் கடைய அளந்து பாத்துட்டுச் சொல்றோம்னாங்க. இன்னும் அளந்துட்டே இருக்காங்க." கையை விரித்தார். "என்னைத் தெரிஞ்ச பேங்க அவனுக்குத் தெரியல. அவனுக்குத் தெரிஞ்ச பேங்குக்கு என்னைத் தெரியல. நான் நடுரோட்ல நிக்கறேன்மா."

இத்தனை மாதம் நாங்கள் காபிக்காக வருத்தப்பட்டுக்கொண்டிருந்தோம்.

இதற்குப் பழைய வழி ஒன்று உண்டு. எங்கள் வங்கி எழுதிக்கொடுக்கும் உறுதியின் மேல், விற்பவரின் ஊரில் இருக்கும் பெரிய வங்கி தன் உறுதியையும் சேர்க்கலாம். அதற்குத் தனிக் கட்டணம். சீனாக்காரர் எங்களை நம்ப வேண்டாம், தன் ஊர் வங்கியை நம்பினால் போதும். நான் இதைச் சொன்னதும் பாய் முதலில் கேட்டது, "அந்தக் கட்டணத்துல பாதிய அவன் தலைல கட்டலாமா?" அவர் வாங்கப்போகிறார் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

கஷ்டம் மேலாளரிடம்தான் இருந்தது. எங்கள் தலைமை அலுவலகம் சீனாவில் பல வருடமாகக் கணக்கு வைத்திருந்த வங்கி எதுவென்று பார்த்தேன். ஜன்னல் வழியாகத் தெரிந்த அதே பலகை.

"யாரு? எதிர்லயா?" மேலாளர் டையைத் தளர்த்தினார். "எதிர்க் கடைக்காரன்கிட்ட போய் கை கட்டி நிக்கறதா?"

"எதிர் பிராஞ்ச் இல்ல சார். சீனாவுல இருக்கற பிராஞ்ச்."

"ரெண்டுக்கும் ஒரே போர்டுதானே?"

"ஒரே போர்டுதான். ஆனா ரோட்டுக்கு அந்தப் பக்கம் போட்டி, கடலுக்கு அந்தப் பக்கம் கூட்டு."

ஜன்னலருகே போய் நின்றார். "அப்ப அவங்க நம்ம கஸ்டமரா?"

"நாமதான் சார் அவங்க கஸ்டமர். ரொம்ப நாளா."

டையைத் திரும்ப இறுக்கிக்கொண்டார். "இத அட்டெண்டர்கிட்ட சொல்லாத. வடைக்கடைல போய்ச் சொல்லிடுவான்" என்றார். பிறகு அவரே மும்பைக்கும் தலைமை அலுவலகத்துக்கும் பேசினார். நன்றாகவே பேசினார், பாயின் அத்தா காலத்திலிருந்து சொன்னார். அவர் பேச்சில் பாதி, பாய் கடைக்குப் போய் "பாக்கலாம்" வாங்கி வந்த கோபம் என்று நினைக்கிறேன்.

அனுமதி வந்தது. ஹாலில், லாக்கர்க்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, நான் செய்தியை அனுப்பினேன். பாய் ஸ்டூலில் உட்கார்ந்து திரையை உற்றுப் பார்த்தார்.

"போயிடுச்சா?"

"போயிடுச்சு பாய்."

"சத்தமே வரல?"

"வராது பாய்."

அவருக்குத் திருப்தியில்லை. ஆனால் சீனாக்காரரிடமிருந்து சம்மதம் வந்த அன்று அதைத் தெரு முழுக்கவும் எங்கள் ஸ்டூலிலும் தன் குரலிலேயே சொல்லிவிட்டார். "எங்க பேங்க் எழுதிக் குடுத்துச்சு, எதிர் பேங்க் கையெழுத்துப் போட்டுச்சு. ரெண்டு பேரையும் எனக்கு வேலை பாக்க வச்சுட்டேன்." பெஞ்சில் காத்திருந்த திருமுடிவாக்கம் பட்டறைக்காரர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, பாய் எழுந்ததும் ஸ்டூலில் உட்கார்ந்தார். வெயிலைப் பற்றிச் சொன்னார். நான் காத்திருந்தேன். கடைசியில் வெளிநாட்டிலிருந்து வாங்க நினைத்த லேத் மெஷினுக்கு வந்தார்.

தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெரியவர் சோதனை முடிவைப் பார்க்க வந்தார். ஹாலில் மேசையைப் பார்த்ததும், "இது என்ன ஏற்பாடு?" என்றார். நான் ஏ.சி.யைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். மேலாளர் முந்திக்கொண்டார். "வெளிநாட்டு வணிகத்துக்கு வெளிப்படையான அணுகுமுறை சார்." பெரியவர் அதைக் குறித்துக்கொண்டார். பிறகு எல்லாக் கிளைகளுக்கும் ஒரு சுற்றறிக்கை போயிற்று. அதில் ஸ்டூலுக்கு வேறு ஏதோ பெயர் இருந்தது.

சுற்றறிக்கை வந்த வாரம்தான் மெக்கானிக் வந்தார், தோளில் பையும் கையில் ஏணியுமாக.

"எங்க சார் ஒழுகுது?"

மேலாளர் என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன்.

"ஒண்ணும் அவசரமில்லப்பா. ஒரு காபி குடிச்சிட்டுப் போ" என்றார் மேலாளர்.

இப்போதைய நிலை இது. மேசை ஹாலில் இருக்கிறது, ஸ்டூல் அதன் பக்கத்தில். எதிர் வங்கியில் தனி அறையும் குஷன் ஸ்டூலும் போய், திரும்பக் கண்ணாடி வந்துவிட்டது; அங்கே வீட்டு லோன் நன்றாகப் போகிறது. பாய்க்கு இரண்டு இடத்திலும் கணக்கு, எல்.சி. எங்களிடம். அட்டெண்டர் அண்ணாவுக்குக் கிரெடிட் கார்டு வந்துவிட்டது, அவர் இன்னும் உறையைப் பிரிக்கவில்லை. எங்கள் கை கழுவும் இடத்தில் பாய் கடைக் குழாய் ஒன்று இருக்கிறது. ரசீது போட்டுத்தான் வாங்கினோம், நன்றாகத் திரும்புகிறது. ஏ.சி. ஒழுகுகிறது; கீழே ஒரு பக்கெட் வைத்திருக்கிறோம். நான் தாம்பரத்தில் இருக்கிறேன்.